அளப்பது எப்படி, அளந்ததைச் சொல்வது எப்படி

‘இதன் அளவு என்ன?’ என்று கேட்டால் ‘நீளம்’ என்றும் சொல்லலாம், ‘12 மில்லிமீட்டர்’ என்றும் சொல்லலாம், ‘நடுத்தரம்’ என்றும் சொல்லலாம். தமிழில் மூன்றுமே சரியான பதில்தான். அளக்கப்படும் பண்பு, அதற்குக் கிடைத்த மதிப்பு, பொருளின் பருமன், ‘அளவோடு நில்’ என்னும்போது எல்லை ஆகிய எல்லாவற்றையும் ‘அளவு’ என்ற ஒரே சொல் சுமக்கிறது. பேச்சில் இதனால் கெடுதல் இல்லை. கேட்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். கருவியைக் கையில் எடுக்கும்போதுதான் சிக்கல். சொல் குழம்பினால் செய்யும் வேலையும் குழம்பிவிடும். சுழிப்பிழை உள்ள, அதாவது எதையும் அளக்காதபோதே சுழியைக் காட்டாத, கருவியில் நூறு முறை படித்துச் சராசரி எடுப்பவர் ஒரு நோய்க்கு உரிய மருந்தை வேறொரு நோய்க்குக் கொடுக்கிறார்.

அதனால் இங்கே சொற்களை அகர வரிசையில் அடுக்கவில்லை. ஓர் அளவீட்டைச் செய்யும் வரிசையில், எந்தச் சொல் எங்கே தேவைப்படுகிறதோ அங்கே அது வருகிறது.

தொடங்கும் முன் பிரித்துக்கொள்ள வேண்டியவை

நீளம், நிறை, காலம், வெப்பநிலை போன்றவை இயற்பியல் அளவுகள். ஓர் இயற்பியல் அளவுக்கு நாம் தரும் விடை மதிப்பு. மதிப்பில் எண், அலகு என இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்றில்லாமல் மற்றது பொருள் தராது. அந்த மதிப்பைக் கண்டறியும் செயல் அளவீடு. செய்ய உதவும் கருவி அளவி. இவை பற்றிய துறை அளவியல். ‘அளவீடு 12’ என்று குறிப்பேட்டில் எழுதுவதை விட்டு ‘விட்டம்: 12.02 மி.மீ.’ என்று எழுதப் பழகினாலே பாதிக் குழப்பம் தீரும்.

எண்ணுவதும் அளப்பதும் வேறு வேறு. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று தமிழ் நான்கு வினைகளைத் தனித்தனியாக வைத்திருப்பது பயனுள்ள பிரிவு. பெட்டியில் 24 திருகாணிகள் என்றால் சரியாக 24தான். கவனமாக எண்ணினால் அதில் ஐயமே இல்லை. எடைபோட்டோ முகந்தோ நீட்டியோ பெறும் எந்த மதிப்பும் அப்படி முற்றுப்பெறாது. வரையறையால் வரும் எண்கள் எண்ணல் பக்கத்தைச் சேர்ந்தவை. 1 அங்குலம் = 25.4 மி.மீ. என்பது தோராயம் அல்ல, வரையறை. கணக்கில் அது எந்தப் பிழையையும் சேர்க்காது.

நிறை என்பது பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு, அலகு கிலோகிராம். எடை என்பது அதன்மீது செயல்படும் ஈர்ப்பு விசை, அலகு நியூட்டன். இதில் தமிழுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘நிறை’, ‘எடை’ என்று சொல்லும் இரண்டையும் இலங்கைப் பாடநூல்கள் முறையே ‘திணிவு’, ‘நிறை’ என்கின்றன. ஒரே ‘நிறை’ கடலுக்கு இந்தப் பக்கம் கிலோகிராமிலும் அந்தப் பக்கம் நியூட்டனிலும் வரும். ‘வேகம்’ என்ற சொல்லும் அப்படித்தான்: இங்கே திசை இல்லாதது, அங்கே திசை உள்ளது, திசை இல்லாததற்கு ‘கதி’ என்று பெயர். இணையத்தில் தமிழ்க் குறிப்பு ஒன்றைப் படிக்கும்போது சொல்லை நம்பாதீர்கள், அலகைப் பாருங்கள். அலகு பொய் சொல்லாது.

எதை அளக்கப் போகிறீர்கள்?

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘கம்பியின் விட்டம்’ என்பது போதாது. எந்த இடத்தில்? முனையிலா, நடுவிலா? குறுக்குவெட்டு சரியான வட்டமா, சற்றே நீள்வட்டமா? நீள்வட்டம் என்றால் பெரிய விட்டம் வேண்டுமா, சராசரியா? எந்த வெப்பநிலையில்? நீள அளவுகளுக்கான பன்னாட்டு மேற்கோள் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு ஏறத்தாழ 0.0115 மி.மீ. நீள்கிறது, அலுமினியம் அதைப்போல் இருமடங்கு. ஒரு மீட்டர் அலுமினியச் சட்டத்தை 35 டிகிரியில் அளந்தால் 20 டிகிரியில் இருந்ததைவிட சுமார் 0.35 மி.மீ. கூடுதலாக இருக்கும். இதை யாரும் பிழை என்று சொல்ல முடியாது. சட்டம் உண்மையிலேயே நீண்டிருக்கிறது. கேள்வியில் வெப்பநிலை இல்லாததுதான் குறை.

எனவே அளக்கும் முன் ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: ‘கம்பியின் நடுப்பகுதியில், ஒன்றுக்கொன்று சம கோணத்தில் ஐந்து திசைகளில் படித்த விட்டத்தின் சராசரி, 20 டிகிரிக்கு.’ இரண்டு பேர் ஒரே பொருளை அளந்து வேறு வேறு விடை சொன்னால், கருவியைச் சந்தேகிக்கும் முன் இருவரும் இந்த வரியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கருவியைத் தேர்வது

நெடுக்கம் என்பது கருவி அளக்கக்கூடிய சிறுமத்துக்கும் பெருமத்துக்கும் இடைப்பட்ட பரப்பு. மீச்சிற்றளவு என்பது அளவுகோலில் படிக்கக்கூடிய மிகச் சிறிய மதிப்பு (இலங்கையில் இழிவெண்ணிக்கை). பகுதிறன் என்பது காட்டும் மதிப்பில் மாற்றம் தெரிய வைக்கும் மிகச் சிறிய வேறுபாடு. டிஜிட்டல் கருவியில் கடைசி இலக்கத்தின் ஒரு படி அதன் பகுதிறன்.

திரையில் இரண்டு தசம இலக்கம் தெரிந்தால் அந்த அளவுக்குத் துல்லியம் என்று எண்ணிவிடக் கூடாது. 0.01 மி.மீ. வரை காட்டும் டிஜிட்டல் வெர்னியர்கள் (பொருளை இரு தாடைகளுக்கு இடையே பிடித்து அளக்கும் கருவிகள்) பலவற்றின் அனுமதிக்கப்பட்ட பிழை 0.02 அல்லது 0.03 மி.மீ. பகுதிறன் திரையைப் பற்றிய செய்தி; துல்லியம் உண்மையோடு உள்ள உறவு.

எவ்வளவு நல்ல கருவி போதும்? பொருளுக்கு அனுமதித்த விலகல் ±0.05 மி.மீ. என்றால், அளவீட்டின் ஐயப்பாடு (விடையைச் சுற்றி எஞ்சி நிற்கும் தெரியாத பரப்பு) அதில் நான்கில் ஒரு பங்கை, அதாவது 0.0125 மி.மீ. மதிப்பைத் தாண்டாமல் இருக்கட்டும். பத்தில் ஒரு பங்கு என்ற பழைய விதி இன்னும் பாதுகாப்பானது, ஆனால் செலவு கூடும். பாதியளவு ஐயப்பாட்டோடு அளந்தால், எல்லையருகே உள்ள நல்ல பொருளைக் கழிப்பதும் கெட்ட பொருளை ஏற்பதும் அடிக்கடி நடக்கும்.

படிப்பது

வெர்னியரில் முதன்மைக் கோலின் 9 மி.மீ. வெர்னியர் கோலின் 10 பிரிவுகளுக்குச் சமம் என்றால் மீச்சிற்றளவு 0.1 மி.மீ. வெர்னியர் கோலில் 50 பிரிவுகள் 49 மி.மீ. நீளத்தில் இருந்தால் 0.02 மி.மீ. வெர்னியர் சுழிக்கு இடப்பக்கம் உள்ள கடைசி முதன்மைக் கோட்டைப் படியுங்கள். பிறகு முதன்மைக் கோட்டோடு நேராகப் பொருந்தும் வெர்னியர் கோட்டைத் தேடுங்கள். அதுதான் வெர்னியர் ஒன்றிப்பு. அதை மீச்சிற்றளவால் பெருக்கிக் கூட்டுங்கள். எது பொருந்துகிறது என்று தெரியாவிட்டால், இருபுறமும் சமமாக விலகி நிற்கும் இரண்டு கோடுகளைக் கண்டு, அவற்றின் நடுக்கோட்டை எடுங்கள்.

பொருளைத் தாடைகளின் நுனியில் வைக்காமல் முதன்மைக் கோலுக்கு அருகில் வையுங்கள். வெர்னியரில் அளக்கும் கோடும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இல்லை. நுனியில் அழுத்தினால் நகரும் தாடை சற்றே சாயும், சாய்வு விலகலாக மாறும். திருகைச் சுழற்றிப் பொருளைப் பிடித்து அளக்கும் திருகு அளவியில் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. இந்த நேர்கோட்டு விதியை 1890-இல் ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே வகுத்தார். நல்ல அளவிகளின் வடிவமைப்பில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

திருகு அளவியில் ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு நகரும் தொலைவு புரியிடைத் தூரம். அது 0.5 மி.மீ. ஆகவும், திருகோடு சேர்ந்து சுழலும் தலைக்கோலில் 50 பிரிவுகளும் இருந்தால் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு அரை மில்லிமீட்டர் கோட்டைக் கவனிக்காமல் விடுவது. 12.04 என்பது 12.54 ஆகிவிடும், அல்லது 12.54 என்பது 12.04 ஆகும். விடை சரியாக 0.5 வித்தியாசப்பட்டால் வேறு காரணம் தேடவே வேண்டாம். திருகை விரலால் இறுக்காதீர்கள். பின்னால் உள்ள ராட்செட்டை (போதிய அழுத்தம் வந்ததும் வழுக்கிச் சுழலும் குமிழை) சுழற்றி இரண்டு மூன்று ‘டிக்’ கேட்டதும் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம் கிடைக்க அது மட்டுமே வழி.

எந்தக் கருவியானாலும் பொருள் இல்லாமல் ஒரு முறை மூடிப் பாருங்கள். முகங்களைத் துடைத்துவிட்டு மூடிய பிறகும் சுழிகள் பொருந்தவில்லை என்றால் அது சுழிப்பிழை. திருகு அளவியில் தலைக்கோல் சுழி, சுழலாத கோலின் வரைகோட்டுக்குக் கீழே நின்றால் நேர்ப்பிழை. மேலே நின்றால் எதிர்ப்பிழை. திருத்தம் எப்போதும் பிழைக்கு எதிர்க்குறி. பிழை +0.02 என்றால் திருத்தம் −0.02. இந்தக் குறி மாறினால் பிழை நீங்காமல் இருமடங்காகிவிடும்.

அளவு நாடாவைப் பற்றி இரண்டு சொல். அதன் நுனிக் கொக்கி ஆடுவது பழுதல்ல. வெளியே மாட்டி இழுக்கும்போதும் உள்ளே முட்டித் தள்ளும்போதும் கொக்கியின் கனம் கணக்கில் வராதிருக்க, அந்தக் கனத்தின் அளவுக்கே அது நகரும்படி செய்திருக்கிறார்கள்; ஆடுகிறதே என்று தட்டி இறுக்கிவிடாதீர்கள். நாடா சாய்ந்திருந்தால் விடை எப்போதும் கூடும், ஒருபோதும் குறையாது. மீட்டருக்கு 1 செ.மீ. சாய்வு 0.05 மி.மீ. மட்டுமே கூட்டும்; சாய்வு இருமடங்கானால் பிழை நான்கு மடங்கு.

கண்ணைக் கோட்டுக்கு நேரே வைக்காவிட்டால் வருவது இடமாறு தோற்றப்பிழை. அளவுச் சாடியில் நீரின் பிறைத்தளத்தில் (வளைந்து நிற்கும் மேற்பரப்பில்) கீழ்ப்பகுதியை, கண் அதே மட்டத்தில் இருக்கும்போது படிக்க வேண்டும்.

துல்லியம் வேறு, நுட்பம் வேறு

பேச்சில் இரண்டையும் துல்லியம் என்போம். அளவீட்டில் துல்லியம் என்பது மெய்மதிப்புக்கு நெருங்கியிருத்தல். நுட்பம் என்பது மீண்டும் மீண்டும் அளக்கும்போது விடைகள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருத்தல். ஐந்து விடைகளும் ஒரே இடத்தில் குவிந்தும், எல்லாம் சேர்ந்து தவறான இடத்தில் இருக்கலாம்.

இந்தப் பிரிவு பிழையின் வகையோடு சேர்ந்தது. முறையான பிழை ஒரே பக்கம் இழுக்கும்: சுழிப்பிழை, தேய்ந்த தாடை, தவறான வெப்பநிலை. ஒழுங்கற்ற பிழை இரு பக்கமும் சிதறும்: கை அழுத்தம், கோட்டை மதிப்பிடுதல், பரப்பின் கரடுமுரடு. சராசரி இரண்டாவதைக் குறைக்கும், முதலாவதைத் தொடவே செய்யாது. முதலாவதற்கு மருந்து வேறொரு கருவியோடு அல்லது தெரிந்த மதிப்புள்ள பொருளோடு ஒப்பிடுவது.

‘இதன் துல்லியம் 0.02’ என்று எழுதுவதையும் தவிர்க்கலாம். பன்னாட்டு அளவியல் சொல்வழக்கில் துல்லியம் பண்புச்சொல். ‘அதிகம்’, ‘குறைவு’ என்று சொல்லலாம், எண் தருவதில்லை. எண் தரவேண்டிய சொல் ஐயப்பாடு.

பிழையும் ஐயப்பாடும் ஒன்றல்ல. பிழை என்பது விடைக்கும் மெய்மதிப்புக்கும் உள்ள வேறுபாடு, தெரிந்தால் திருத்திவிடலாம். தெரிந்ததையெல்லாம் திருத்திய பிறகும் விடையைச் சுற்றி எஞ்சி நிற்கும் தெரியாத பரப்பு ஐயப்பாடு. அதை ஒப்புக்கொள்வது குற்றத்தை ஒப்புக்கொள்வது போல என்று பலர் கூச்சப்படுகிறார்கள். உண்மையில் அது இல்லாத மதிப்பைத்தான் நம்ப முடியாது.

ஐயப்பாட்டைக் கணக்கிடுவது

எஃகுக் கம்பி ஒன்றைத் திருகு அளவியால் ஐந்து முறை படித்ததாக வைத்துக்கொள்வோம்: 12.03, 12.04, 12.03, 12.05, 12.05 மி.மீ. சராசரி 12.04. சுழிப்பிழை +0.02. திருத்திய விட்டம் 12.02.

சிதறல்: சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 0.0004. படித்த எண்ணிக்கையில் ஒன்று குறைத்து 4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 0.01. சராசரியின் ஐயப்பாடு இதை √5-ஆல் வகுத்தது: 0.0045.

பகுதிறன்: மீச்சிற்றளவு 0.01, உண்மை இருபுறமும் 0.005-க்குள் எங்கும் இருக்கலாம். அப்படிச் சமமாகப் பரவிய வரம்பை √3-ஆல் வகுக்க வேண்டும்: 0.0029. சுழியைப் படித்ததிலும் இதே அளவு ஐயம் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், எனவே 0.0029 இரண்டு முறை வரும்.

கருவியின் சான்றிதழ்: அதில் ஐயப்பாடு 0.004, விரிவுக் காரணி (நம்பிக்கையைக் கூட்ட ஐயப்பாட்டைப் பெருக்கிய எண்) 2 என்று இருந்தால் 2-ஆல் வகுத்து 0.002.

வெப்பநிலை: எஃகு அளவியும் எஃகுக் கம்பியும் சேர்ந்தே நீள்வதால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மட்டும் கணக்கு. அது 2 டிகிரி என்றாலும் 12 மி.மீ.-க்கு 0.0003. கணக்கிட்டுப் பார்த்து, சிறியது என்று கண்ட பிறகு விட்டுவிடலாம்.

இவற்றை நேராகக் கூட்டக் கூடாது; எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இழுக்கும் வாய்ப்புக் குறைவு. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.0064. ஏறத்தாழ 95 விழுக்காடு நம்பிக்கைக்கு 2-ஆல் பெருக்கினால் 0.013. (ஐந்தே முறை படித்ததால் கறாராகப் பார்த்தால் காரணி 2.1-க்குச் சற்று மேலே போகும், அப்போது 0.014.)

முன்பு வைத்த எல்லை 0.0125. மயிரிழையில் தவறிவிட்டது. இங்கேதான் இந்தக் கணக்கின் பயன் தெரிகிறது: எந்தப் பங்கு பெரியது என்று அது காட்டிக்கொடுக்கிறது. பெரியது சிதறல். பத்து முறை படித்து, திட்ட விலக்கம் அப்படியே இருந்தால், அந்தப் பங்கு 0.0032 ஆகும், மொத்தம் 0.011-க்கு இறங்கும். புதிய கருவி வாங்கத் தேவையில்லை. ஆனால் நூறு முறை படிப்பதும் வீண். அப்போது பகுதிறன் வழிமறிக்கும்.

எழுதுவது

விட்டம் = (12.020 ± 0.013) மி.மீ., விரிவுக் காரணி 2. இவ்வளவும் வேண்டும். ஐயப்பாட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு முக்கிய எண்ணுருக்கள் (முன்னால் வரும் சுழிகளை விட்டு, மதிப்பைச் சொல்லும் இலக்கங்கள்) போதும். மதிப்பை ஐயப்பாட்டின் கடைசி இலக்கம் வரை எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கணிப்பொறி தரும் 12.0200347 என்பதில் பின்னால் உள்ளவை வெறும் இரைச்சல். இடையில் முழுமையாக்காதீர்கள், கடைசியில் ஒரே முறை முழுமையாக்குங்கள். 12.0, 12.00 இரண்டும் கணக்கில் சமம், அளவீட்டில் வேறு: பின்னதில் நான்கு முக்கிய எண்ணுருக்கள், முன்னதில் மூன்று. கடைசிச் சுழியைச் சோம்பலால் விட்டுவிட்டால் செய்த வேலை மறைந்துபோகும்.

அடிப்படை அலகுகள் ஏழு: வினாடி, மீட்டர், கிலோகிராம், ஆம்பியர், கெல்வின், மோல், கேண்டெலா. 2019 மே 20 முதல் ஏழும் மாறா எண்களால் வரையறுக்கப்படுகின்றன. அதற்கு முன் கிலோகிராம் ஓர் உலோக உருளையைச் சார்ந்திருந்தது. எண்ணுக்கும் அலகுக்கும் இடையே இடம் விடுங்கள். தமிழில் ‘மி.’ என்று மட்டும் சுருக்கினால் மில்லியா, மீட்டரா, மில்லிலிட்டரா, மில்லியனா என்று தெரியாது.

அலகை விட்டு எண்ணை மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்தது போதும். போயிங் 767 விமானம் ஒன்றுக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் தேவை. தொட்டியில் 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரை நிறையாக மாற்ற 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்தினார்கள். அது லிட்டருக்கு 1.77 பவுண்டு, வேண்டியது லிட்டருக்கு 0.803 கிலோகிராம். கணக்கு 13,597 என்று வந்தது, அதைக் கிலோகிராம் என்று எடுத்துக்கொண்டு 4,916 லிட்டர் மட்டும் நிரப்பினார்கள். நிரப்பும் முன் உண்மையில் தொட்டியில் இருந்தது 6,169 கிலோகிராம். நிரப்பியிருக்க வேண்டியது சுமார் 20,088 லிட்டர். நடுவானில் இரு இயந்திரங்களும் நின்று, விமானம் கிம்லியில் ஒரு பழைய ஓடுதளத்தில் மிதந்து இறங்கியது. கூட்டல் கழித்தலில் ஒரு தவறும் இல்லை. கணக்கின் ஒவ்வொரு வரியிலும் அலகை எண்ணோடு சேர்த்து எழுதியிருந்தால், பவுண்டும் கிலோகிராமும் ஒரே வரியில் மோதுவது கண்ணில் பட்டிருக்கும்.

ஒப்பிடும் சொற்களிலும் கவனம் தேவை. ‘இரண்டு மடங்கு அதிகம்’ என்றால் இருமடங்கா மும்மடங்கா என்ற ஐயம் வரும். ‘இருமடங்கு’ என்றே எழுதுங்கள். 20 டிகிரி செல்சியஸ் 10 டிகிரியைப்போல் இருமடங்கு வெப்பம் அல்ல. செல்சியஸின் சுழி நாம் தேர்ந்துகொண்ட இடம். கெல்வினில் பார்த்தால் 283, 293. கனிமங்களை எது எதைக் கீறும் என்று வரிசைப்படுத்தும் மோஸ் கடினத்தன்மையில் குருந்தம் 9, வைரம் 10. அங்கே எண் வரிசையை மட்டும் சொல்கிறது, இடைவெளியை அல்ல.

அளவுத்திருத்தம்

இந்தத் தமிழ்ச் சொல்லே கொஞ்சம் ஏமாற்றுகிறது. ‘திருத்தம்’ இருப்பதால் கருவியைச் சரிசெய்து கொடுப்பார்கள் என்று நினைக்கிறோம். அளவுத்திருத்தம் என்பது தெரிந்த மதிப்புள்ள தரத்தோடு கருவியை ஒப்பிட்டு, எங்கே எவ்வளவு விலகுகிறது, அந்த விலகலின் ஐயப்பாடு என்ன என்று பதிவு செய்வது மட்டுமே. திருகைத் திருப்பிச் சரிசெய்வது தனி வேலை. சரிசெய்தால் அதன் பிறகு மறுபடியும் ஒப்பிட வேண்டும், முந்தைய பதிவு செல்லாது.

ஒப்பிட்ட தரம், அதற்கு மேலான தரம் என்று அலகின் வரையறை வரை அறுபடாத சங்கிலி, ஒவ்வொரு கண்ணியிலும் ஐயப்பாடு எழுதப்பட்டு இருந்தால் அதற்குத் தடமறிதன்மை என்று பெயர். சான்றிதழ் கைக்கு வந்ததும் பாருங்கள்: நீங்கள் பயன்படுத்தும் நெடுக்கத்தில் சோதித்திருக்கிறார்களா? 0 முதல் 25 மி.மீ. அளவியை 25-இல் மட்டும் பார்த்திருந்தால் 12-க்கு அது அதிகம் உதவாது. விலகலும் ஐயப்பாடும் எண்ணாக இருக்கின்றனவா, ‘தேர்ச்சி’ என்று மட்டும் இருக்கிறதா? ‘தேர்ச்சி’யை வைத்து மேலே செய்த கணக்கைச் செய்ய முடியாது. சோதித்த வெப்பநிலை, பயன்படுத்திய தரத்தின் அடையாள எண் இரண்டும் இருக்க வேண்டும்.

இரண்டு சோதனைகளுக்கு இடையே, மதிப்பு மாறாத ஒரு எஃகுத் துண்டைத் தனியாக வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை அதையே அளந்து தேதியோடு எழுதி வாருங்கள். விடைகள் இரு பக்கமும் சிதறினால் கவலையில்லை. ஒரே பக்கமாக நகரத் தொடங்கினால் முகங்கள் தேய்கின்றன. கருவி கீழே விழுந்தால், சான்றிதழில் இன்னும் பத்து மாதம் மிச்சமிருந்தாலும், அன்றே அந்தத் துண்டை அளந்து பாருங்கள்.